மான் தின்ற மான்

முதல் வெடிப்பு அவளுடைய இடுப்பில் வந்தது. மயிரிழை அளவுதான். கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கும் மீன்காரி, ஐந்தரை அடி உயரம். திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் ஒரு சிறு விடுதியின் முற்றத்துக்காக நான் செய்து கொடுத்த சீமெந்துச் சிலை. இரண்டாவது மாரி முடிந்து போய்ப் பார்த்தபோது, வெடிப்பின் ஓரத்தில் வெற்றிலைச் சாறு வழிந்ததுபோல் ஒரு காவிக் கோடு இறங்கியிருந்தது. மூன்றாவது மாரிக்குப் பிறகு இடது கை கூடையோடு சேர்ந்து கழன்று மணலில் கிடந்தது. விடுதிக்காரர் கோபிக்கவில்லை. "கையை மட்டும் ஒட்டித் தரலாமா, சேர்?" என்று கேட்டார். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சித்திரபாட ஆசிரியராக நியமனம் கிடைப்பதற்கு முன் நான்கு ஆண்டுகள் தாய்மாமனோடு கோயில் வேலைக்குப் போனவன் நான். கோபுரத்தில் சுதை உருவங்கள் செய்வது அவர் தொழில். கம்பி கட்டுவது, சாந்து குழைப்பது, துவாரபாலகரின் விரல் நகம் வரை கரண்டி நுனியால் இழைப்பது எல்லாம் அவரிடம் பழகியவை. மணல் லொறி வந்தால் மாமா முதலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். துப்புவார். பிறகுதான் இறக்கச் சொல்வார். கிழவர்களின் பழக்கம் என்று நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம்.

மீன்காரிக்கு நான் வாங்கிய மணலைக் கங்கை மணல் என்று சொல்லித்தான் இறக்கினார்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஊரில் 'கங்கை மணல்' என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. குழைப்பதற்கு விடுதிக் கிணற்றுத் தண்ணீரையே எடுத்தேன். அது வாய் கொப்பளிக்கக்கூட ஆகாத சவர்த் தண்ணீர்.

கை விழுந்த பிறகு, மிச்சமிருந்த மணலில் ஒரு பிடியைப் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். விஞ்ஞான ஆசிரியை அதை வடித்த நீரில் ஊறவைத்து, வடிகட்டி, அந்த நீரில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இரண்டு துளி விட்டார். கஞ்சித் தண்ணீர்போல் வெளுத்தது. "இதில் கறி சமைத்தால் உப்புப் போடத் தேவையில்லை" என்றார். மாமாவின் நாக்கு சொன்னதும் இதுதான், செலவில்லாமல்.

நடப்பது இதுதான். சீமெந்தின் காரத்தன்மை உள்ளேயிருக்கும் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புத் தோலை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பு அந்தத் தோலைத் துளைக்கும். பிறகு இரும்பு துருவாகும். துருவுக்கு இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். உள்ளே இடமில்லாததால் சீமெந்தைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. ஆகவே, மேலே எத்தனை முறை பூசி மெழுகினாலும் அந்தக் கை திரும்பவும் விழும். விடுதிக்காரரிடம் அதைச் சொல்லி, வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவர் இன்றைக்கும் சொல்கிறார்.

அதன்பின் செய்த நான்கு சீமெந்து வேலைகளில் எதுவும் இதுவரை வெடிக்கவில்லை. ஊர்க் கடலோரத்தில் யாராவது சிலை செய்ய நினைத்தால் பயன்படட்டும் என்பதற்காக, மாற்றிக்கொண்டவற்றைச் சொல்கிறேன். மணலை நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசிக் காயவைக்கிறேன். குழைப்பதும் நல்ல தண்ணீரில்தான். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல். உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது. கம்பியும் கோழிவலையும் துத்தநாகம் பூசியவை. கம்பிக்கு மேல் எந்த இடத்திலும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் சாந்து இருக்க வேண்டும். விரல், மூக்கு, காது போன்ற மெல்லிய இடங்களில் அது முடியாது. அங்கே இரும்பையே வைக்காமல், துருப்பிடிக்காத உருக்குக் கம்பித் துண்டு வைக்கிறேன். விலைதான், ஆனால் விரலுக்கு எவ்வளவு கம்பி வேண்டும்?

எல்லாவற்றையும்விட என்னை ஏமாற்றியது கட்டுக்கம்பியின் வால். கம்பிகளைக் கட்டி முறுக்கிவிட்டு நறுக்கும் அந்த அரை அங்குல நுனியை வெளிப்பக்கமாக நீட்டி விட்டுவிடுவோம். சாந்தின் மேற்பரப்பை முதலில் தொடுவது அதுதான். உப்புக்காற்று அந்த வால் வழியாகத்தான் உள்ளே போகிறது. மீன்காரியை உடைத்துப் பார்த்தபோது, இடுப்பில் காவிக்கோடு தொடங்கிய இடத்தில் அப்படியொரு வால் இருந்தது. இப்போது ஒவ்வொரு முடிச்சையும் குறட்டால் உட்பக்கம் மடக்குகிறேன். சலிப்பான வேலை, ஒரு நாள் முழுக்கப் போகும். பூசி முடித்தபின் சாக்குப் போர்த்தி இரண்டு கிழமை ஈரம் காயாமல் வைத்திருக்கிறேன். ஏழு நாள் போதும் என்பார்கள். நம் வெயிலுக்கு எனக்கு நம்பிக்கையில்லை.

அந்த நாட்களில்தான் இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகே குறொஸ்பி கடற்கரையில் பிரித்தானியச் சிற்பி அந்தனி கோம்லி நிறுத்திய நூறு இரும்பு மனிதர்களின் படங்களைத் தேடித்தேடிப் பார்த்தேன். தன் உடம்பிலிருந்து எடுத்த பதினேழு அச்சுகளில் வார்த்த உருவங்கள். ஒவ்வொன்றும் 189 சென்ரிமீற்றர் உயரம், 650 கிலோ எடை. ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளத்துக்கு, கடலைப் பார்த்து நிற்கிறார்கள். பெருக்கில் மூழ்குகிறார்கள், வற்றில் வெளியே வருகிறார்கள். 2005இலிருந்து உப்புத்தண்ணீரில் நிற்கும் அந்த இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என் இரும்பு மூன்று மாரியில் சிலையையே பிளந்துவிட்டது. எனக்கு முதலில் பொறாமைதான் வந்தது. பிறகுதான் விளங்கியது. அவர் இரும்பை ஒளித்து வைக்கவில்லை. அது எல்லோரும் பார்க்கத் துருப்பிடிக்கிறது, சிப்பி ஒட்டுகிறது, பாசி படர்கிறது. அதுவும் வேலையின் பகுதி. நான் இரும்பை உள்ளே பூட்டி வைத்துவிட்டு, வெளியே பெண்ணின் தோலை மினுக்கிக்கொண்டிருந்தேன். கோம்லி 1970களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் பௌத்தம் படிக்கத் திரிந்தவர். எங்கள் கடற்கரைப் பக்கம் வந்தாரோ என்னவோ, வந்திருந்தால் ஒரு தேநீர் கொடுத்துக் கேட்டிருப்பேன்.

மாமாவிடம் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணுக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "உடுப்பில்லையே மருமகன்" என்றார் முதலில். பிறகு, "இரும்பு ஏன்? செம்பாக இருந்தால் புதைத்தாலும் கெடாது" என்றார். அவருக்கு எல்லாப் பேச்சும் 1950இல் போய் முடியும். அந்த ஆண்டு நகரில் கிணறு தோண்டியபோது மண்ணுக்கடியிலிருந்து கோணேசர் கோயிலின் சோழர்காலச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த காலத்தில் புதைக்கப்பட்டவை. முந்நூறு ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் சோமாஸ்கந்தரின் முகம் முகமாகவே இருந்தது. செம்பு வாங்க எனக்கு வசதியில்லை என்று சொன்னேன். "அப்படியென்றால் கெடுகிறதையே செய், கெடும் என்று தெரிந்து செய்" என்றார். அவர் சலிப்பில் சொன்னது. நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

கெடுவதைச் செய்யலாம் என்று தொடங்கியதுதான் மான்.

திருகோணமலைக்கு வருகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலில் புள்ளிமான்களைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். ஊரில் இருக்கிற நாங்கள் அதே மான்களை டச்சுக் குடாக் கடற்கரையில், குப்பைப் பையைக் கிழித்துச் சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டு நிற்பதாகப் பார்க்கிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து அதே தாள்களால் ஒரு மான் செய்தோம். கம்பிக்கூடு, அதன்மேல் நீள்நீளமாக வெட்டிய லஞ்ச் சீற், புள்ளிகளுக்குத் தயிர்க் கோப்பை மூடிகள். பொலித்தீன் தின்னும் மானைப் பொலித்தீனால் செய்கிறோம் என்பதில் எனக்குப் பெரிய பெருமை. அதற்கு ஒரு பலகை எழுதி வைத்தேன், அடைமொழிகளோடு. ஒரு பெண்பிள்ளை மட்டும், "சேர், நாங்கள் இதைக் கழுவவில்லையே, மான் வந்து தின்றுவிடுமே" என்றாள். நான் சிரித்தேன். மாமாவின் மணலுக்குச் சிரித்த அதே சிரிப்பு.

பாடசாலை மதிலுக்கு வெளியே வைத்த இரண்டாம் நாள் காலையில் மானின் ஒரு பக்கம் வெறும் கம்பியாக இருந்தது. மூன்று மான்கள் நின்று மறுபக்கத்தை இழுத்துக்கொண்டிருந்தன. பருப்பும் குழம்பும் ஊறிய தாள், வேறு என்ன செய்யும்? விரட்டிவிட்டு, மிச்சத்தை அன்றே பிரித்தோம். எத்தனை முழம் பொலித்தீன் அந்த மூன்று வயிற்றுக்குள் போனது என்று இன்றுவரை கணக்குப் பார்க்கத் துணியவில்லை.

அந்தக் கம்பிக்கூட்டைப் பிள்ளைகள் பிறகு போத்தல் மூடிகளால் மூடினார்கள். கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் வேலை செய்த சிற்பி எல் அனற்சூய் மதுப்போத்தல் மூடிகளைத் தட்டிச் செப்புக் கம்பியால் கோத்துச் சுவர் அளவு திரைகள் செய்கிறவர். அவற்றின் படங்களைக் காட்டியதால் வந்த யோசனை. மூடியைக் கொதிக்கவைத்துக் கழுவ வேண்டும், ஓரம் கையை வெட்டும், தடித்த கையுறை வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு ஏற்புத் தடுப்பூசி போடப் போய் வந்த பிறகுதான் கையுறை வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மான் இன்னும் நிற்கிறது. மற்ற மான்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மானுக்குப் பிறகு எனக்குள் ஒரு அச்சம் வந்தது, நல்ல அச்சம். நான் ஒரு பொருளைக்கொண்டு என்ன சொல்ல நினைக்கிறேன் என்பது அந்தப் பொருளுக்குத் தெரியாது. உப்பு மணல் இரும்பைத் தின்னும். குழம்புத் தாளை மான் தின்னும். என் பலகையை அவை வாசிப்பதில்லை. இதை உணர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது பிழையையும் செய்தேன். அதுதான் மூன்றிலும் கொடியது.

வலை. எங்கள் கரையில் கிழிந்த வலைக்குப் பஞ்சமில்லை. வாடிகளுக்குப் பின்னால் குவியலாகக் கிடக்கும். பாதி மணலுக்குள், பாதி அடம்பன் கொடிக்குள். அமெரிக்கச் சிற்பி ஜெனற் எக்கல்மனின் கதையைப் படித்ததிலிருந்து அந்தக் குவியல்கள் வேறு மாதிரித் தெரியத் தொடங்கின. 1997இல் அவர் ஓவியக் கண்காட்சி நடத்த மாமல்லபுரம் வந்தார். அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. உள்ளூர் வார்ப்புக்காரர்களோடு வெண்கலத்தில் முயன்றார். கனமும் செலவும் கட்டுப்படியாகவில்லை. ஒரு மாலையில் கரையில் மீனவர்கள் வலையைக் குவிப்பதைப் பார்த்தார். கனமில்லாமல் பருமன் கிடைக்கும் ஒன்று கண்முன்னே குவிந்து கிடந்தது. அந்த மீனவர்களோடு சேர்ந்தே முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார். 2005இல் போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரை ஒட்டிய கடலோர வீதிச் சந்திக்கு மேலே 20 தொன் உருக்கு வளையத்திலிருந்து தொங்கும் வலையாக அது வளர்ந்தது. மாமல்லபுரத்து மீனவருக்கும் நம் கரைவலைக்காரருக்கும் கடல் ஒன்றே. நான் ஐம்பது வயதுவரை அந்தக் குவியலைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன்.

மீனவர் சங்கக் காணியில் இரண்டு வேம்புக்கும் ஒரு புளிக்கும் நடுவே, கடலில் கைவிடப்பட்டுத் தானாக மீன்பிடித்துக்கொண்டிருக்கும் வலைகளைப் பற்றிய ஒரு தொங்கு சிற்பம். திட்டம் அதுதான். சேர்த்த வலைகளில் ஒற்றை இழை நைலோனால் பின்னிய தங்கூசி வலைதான் அதிகம். தடைசெய்யப்பட்ட வலை என்பதால் கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். மெல்லியது, வெயிலில் கண்ணாடிபோல் மினுங்கும், தூரத்தில் நின்றால் கண்ணுக்கே தெரியாது. காற்று உருவம் எடுத்ததுபோல் இருந்தது. தொங்கவிட்ட மாலை ஊர் கூடிப் பார்த்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் போனேன். வலையின் நடுவே ஒரு மீன்கொத்தி, இறக்கை விரிந்தபடி தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். கழுத்தில் தங்கூசி இரண்டு சுற்று இறுகியிருந்தது.

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்கென்றே நெய்த வலை. அது தெரியவில்லை என்பதைத்தான் நான் மூன்று நாளாக வியந்துகொண்டிருந்தேன்.

அன்று பகலுக்குள் எல்லாவற்றையும் இறக்கினேன். வாடியில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எதுவும் கேட்காமல் வந்து ஒரு முனையைப் பிடித்தார். இறக்கி முடித்தபின், "வாத்தியார், வலை கட்டுகிறவன் முதலில் கண்ணின் அளவைக் கேட்பான். எதைப் பிடிக்க என்று கேட்பான். நீங்கள் ஒன்றையும் பிடிக்க வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு அளவு இருக்கிறது" என்றார். மறுநாள் தன் வலையூசியோடு வந்துவிட்டார். அவரோடு இன்னும் இரண்டு பேர். அவர்களுக்கு நாட்கூலி கொடுத்தேன். 'கலைக்காக' என்று சொல்லி மனிதரின் பிற்பகலை இலவசமாக வாங்குவது எனக்குப் பிடிக்காது. பலகையில் என் பெயரின் அதே எழுத்தளவில் அவர்களின் பெயர்களும் வந்தன.

இரண்டாவது சிற்பத்தில் தங்கூசி ஒரு முழமும் இல்லை. தடித்த பச்சை, நீல முறுக்குநூல் வலைகளும் கயிறும்தான். கண் ஒவ்வொன்றும் ஒரு காகம் இறக்கை மடக்கிக்கொண்டு நுழைந்து போகும் அளவு. பழைய நைலோனை வாங்கும்போது நகத்தால் ஒரு இழையைக் கிள்ளி இழுத்துப் பார்க்க வேண்டும். வெயில் குடித்த நூல் பொடியாக உதிரும், அதை விட்டுவிட வேண்டும். ஈயக்குண்டுகளைக் கழற்றிக் கையைக் கழுவ வேண்டும். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து அலசாவிட்டால் எறும்பும் எலியும் வரும், மணம் போகாது.

முடிச்சைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். பரோடாவில் படித்த மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத் தெய்வங்களைப்போல உருவங்கள் செய்தவர். முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு வேலை செய்யாதவர் என்று சொல்வார்கள். பழைய தாளில் அளவெடுத்து வரைந்துகொண்டு போன எனக்கு இது முதலில் சோம்பலாகப் பட்டது. பெரியவர் வேலை செய்வதைப் பார்த்தபோதுதான் பொருள் புரிந்தது. அவர் ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கிய பிறகு ஒரு கணம் நிறுத்தி, கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். அடுத்த முடிச்சு அங்கே போகும். என் வரைபடத்தை நான்காம் நாள் மடித்து வைத்துவிட்டேன்.

அடியில் பாரம் வேண்டியிருந்தது. கச்சான் காற்று வீசினால் முழுச் சிற்பமும் பாய்போல எழும்பும். பழைய எண்ணெய்ப் பீப்பாய்கள் நான்கைக் கொண்டுவந்து மணல் நிரப்பி வைத்தேன். பார்க்க வந்த ஒரு அம்மா கொஞ்சத் தூரத்திலேயே நின்றுவிட்டார். "அந்தப் பீப்பாயைப் பார்த்தால் கை தானாக அடையாள அட்டையைத் தேடுகிறது தம்பி" என்றார். சோதனைச் சாவடிப் பீப்பாய்கள். இலங்கை ஓவியர் சந்திரகுப்த தேனுவர அதே பீப்பாய்களை வைத்து 1997இல் 'பரலிசம்' என்று கண்காட்சியே செய்திருக்கிறார். போர் எப்படி அன்றாடத் தெருவின் தளபாடமாகிவிட்டது என்று காட்டுவதற்காக அவர் அவற்றைத் தெரிந்தே எடுத்தார். நான் பாரத்துக்காக எடுத்தேன். மணல் மூட்டை வைக்கலாமா என்று ஒரு இளைஞர் கேட்டார், பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைசியில் உடைந்த படகு நங்கூரங்கள் ஐந்து கிடைத்தன.

அனுமதி பற்றி இரண்டு வரி. உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை சட்டப்படி கரையோர வலயம். நிலையாக எதையும் நிறுவுவதற்கு முன் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் உள்ளூராட்சி மன்றத்திடமும் கேட்டுவிட வேண்டும். குறொஸ்பி இரும்பு மனிதர்களே 2006இல் அகற்றப்படவிருந்து, 2007இல்தான் நிரந்தர அனுமதி பெற்றவர்கள். எங்களுடையது ஒவ்வொரு மாரிக்கும் இறங்கிவிடும் என்பதால் பேச்சு எளிதாக முடிந்தது.

ஆம், இறக்கிவிடுகிறோம். சித்திரையில் ஏற்றி, வாடைக்காற்று தொடங்குமுன் இறக்கி, சங்கக் கட்டிடத்தில் மடித்து வைப்போம். மறுபடி ஏற்றும்போது அது போன ஆண்டு உருவத்துக்குத் திரும்புவதில்லை. அனற்சூய் தன் திரைகளை எப்படித் தொங்கவிடுவது என்று கட்டளையிடுவதில்லை, தொங்கவிடுகிறவர்களே மடிப்பைத் தீர்மானிக்கலாம் என்று விட்டுவிடுவார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இல்லை. முதல் ஆண்டு ஏணியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். இப்போது கீழே கதிரை போட்டு உட்காருகிறேன்.

மீன்காரியின் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சீமெந்தையெல்லாம் தட்டி உதிர்த்துவிட்டேன். வெறும் கம்பிக்கூடு கிணற்றடியில் நிற்கிறது. பாகற்கொடி ஏறியிருக்கிறது. இடுப்பில்தான் நிறையக் காய்க்கிறது.

போன ஐப்பசியில் வலையை இறக்கும்போது பெரியவர் ஒரு ஓரத்திலிருந்து எட்டு முழப் பச்சைக் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டார். படகு கட்டக் கயிறில்லை, சித்திரையில் தருகிறேன் என்றார். சித்திரையில் கொண்டுவந்தார், அதே எட்டு முழம். ஆனால் செம்மஞ்சள் நிறம். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. அவர் தானே ஏணியில் ஏறி, அந்த ஓரத்தில் முடிந்துவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார்.